தண்ணீர் சுமந்த எஞ்சின்கள்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயில் செட்டிகுளத்தையும் மடு ரோட்டையும் கடந்து முருங்கனை நெருங்கும்போது காடு விலகி வயல் விரிகிறது. மன்னார்ப் பெருநிலத்தில் நெல் விளையும் பூமி அது. அதற்கு உயிர் கொடுப்பது கட்டுக்கரைக் குளம். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவந்து இந்தக் குளத்தை நிறைக்கிறார்கள். இதிலிருந்து கீழேயுள்ள சிறு குளங்களுக்குப் பங்கிட்டு, அங்கிருந்து வயலுக்கு விடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஏற்பாடு இது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இங்கே நடத்திய அகழாய்வு, மக்கள் இரும்புக்காலத்திலேயே இந்தக் கரையோரம் குடியிருந்ததைக் காட்டியது. இடையில் பயனற்றுக் கிடந்த குளத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஆட்சி திருத்தியது. சில வருடங்களில், 1914இல், அதே நிலத்தின் வழியாகத் தண்டவாளமும் ஓடியது.

குளம் விவசாயத்தின் கதை, ரயில் போக்குவரத்தின் கதை என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். எனக்கு இரண்டும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளாகவே தெரிகின்றன. தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அந்தக் கேள்வி.

நீராவி எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் நெருப்பையும் புகையையும் சத்தத்தையும் எழுதுகிறார்கள். அந்த எஞ்சினை ஓட்டியவர்களின் கவலை முழுக்கத் தண்ணீரில் இருந்தது. ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் ஆறிலிருந்து எட்டுக் கிலோ வரை தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. எனவே நிலக்கரி தீரும் முன்பே தண்ணீர் தீர்ந்துவிடும். நிலக்கரி தீர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கொதிகலத்தில் தண்ணீர் குறைந்தால் நெருப்புப்பெட்டியின் செப்புக் கூரை வெளியே தெரியும். தண்ணீர் மூடாத கூரை பழுக்கக் காய்ந்து இளகும். உள்ளே அடைபட்டிருக்கும் ஆவி அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறினால் சாரதியும் ஃபயர்மேனும் உயிரோடு இருக்க மாட்டார்கள். இதற்காகத்தான் அந்தக் கூரையில் ஈயம் வைத்த ஒரு திருகை முடுக்கியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் முதலில் உருகும், ஆவி சீறி எச்சரிக்கும். கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஃபயர்மேனின் முதல் கடமை. கரி அள்ளிப் போடுவது அதற்கு அடுத்ததுதான்.

தண்ணீரை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. எஞ்சினுக்குப் பின்னால் டெண்டர் என்ற தனி வண்டியைக் கொளுவி, அதில் தண்ணீரையும் கரியையும் ஏற்றுவது ஒரு வழி. எஞ்சினின் உடம்பிலேயே தொட்டி கட்டி, எல்லாவற்றையும் அதுவே சுமக்கும்படி செய்வது மற்றது. கிணற்றடியிலிருந்து இடுப்பில் குடம் வைத்து வருவதற்கும் மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாம் வழியில் பிறந்தது தொட்டி எஞ்சின். 1829இல் இங்கிலாந்தின் ரெய்ன்ஹில்லில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் ஸ்டீவன்சனின் ராக்கெட்டோடு மோதித் தோற்ற நாவல்ட்டி, சக்கரங்களுக்கு நடுவே அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தது. தொட்டி எஞ்சின்களின் வம்சம் அங்கே தொடங்குகிறது. பிறகு தொட்டி கொதிகலத்தின் இரு பக்கங்களுக்கு வந்தது. சில எஞ்சின்களில் குதிரைச் சேணம் போலக் கொதிகலத்தின் முதுகில் ஏறியது. டார்ஜிலிங் மலை ரயிலில் இன்றும் ஓடும் 1889ஆம் வருடத்து வகை அப்படிப்பட்டது.

தொட்டியை உடம்போடு கட்டுவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் இழுக்க வேண்டுமானால் சக்கரத்தின் மேல் எடை வேண்டும். டெண்டரில் ஏற்றிய தண்ணீர் எஞ்சினுக்கு வீண்பாரம், அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். உடம்பில் ஏற்றிய தண்ணீரோ ஓட்டுசக்கரங்களை அழுத்திப் பிடிக்கிறது, பாரமே பலமாகிறது. இன்னொரு வசதி, முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடலாம். பாதை முடியும் இடத்தில் எஞ்சினைத் திருப்பிவிடச் சுழல்மேடை வேண்டாம். ஒரு பிராந்தியத்தின் சிறு பாதைக்கு, கிளைப்பாதைக்கு, நகரத்தைச் சுற்றி ஓடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் இல்லை. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி தன் 5700 வகைத் தொட்டி எஞ்சினை 1929க்கும் 1950க்கும் இடையில் 863 கட்டியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்த 5700இன் தொட்டி கொண்டது 1,200 கலன். லிட்டரில் சுமார் 5,450. கட்டுக்கரையின் கீழே ஒரு ஏக்கர் வயலில் அவ்வளவையும் திறந்துவிட்டால் தண்ணீர் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்கூட நிற்காது. நெல்லின் வேர் நனையாது. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு முழங்கால் அளவு தண்ணீரைக் கணக்குப் பார்த்துப் பழகிய நிலத்தில் நின்று யோசிக்கும்போதுதான், அந்த எஞ்சின்கள் எத்தனை சொற்பத் தண்ணீரில் எத்தனை பேரைச் சுமந்தன என்பது உறைக்கிறது. தொட்டி எஞ்சினின் நூறு வருட வளர்ச்சி முழுவதும் இந்தச் சொற்பத்தோடு நடந்த போராட்டம்தான்.

இலங்கையில் இந்தப் போராட்டத்தின் நல்ல உதாரணங்கள் தெற்கிலும் மலையிலும் இருக்கின்றன. களனிப் பள்ளத்தாக்குப் பாதை அப்போது 762 மில்லிமீட்டர் அகலம் மட்டும் கொண்ட குறுகிய பாதையாக இருந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். மழைக்குக் குறைவில்லாத பகுதி, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கலாம். அங்கே ஓடிய தொட்டி எஞ்சின்களில் ஆறு ஓட்டுசக்கரங்கள் நடுவில் இருக்க, முன்னால் நாலு, பின்னால் நாலு தாங்குசக்கரங்கள் இருந்தன. எந்தப் பக்கம் ஓடினாலும் வளைவில் வழிகாட்டச் சக்கரம் உண்டு என்பது இதன் நுட்பம். அகலப் பாதைக்கு 1922இல் வல்கன் ஃபவுண்டரி கட்டிய 213ஆம் இலக்கத் தொட்டி எஞ்சின் இன்றும் இலங்கை ரயில்வேயிடம் இருக்கிறது, பழைய வண்டிகளோடு சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடியிருக்கிறது.

மலைப்பாதையில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பட்டிப்பொலைக்கருகே பாதை 1,898 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே ஒரு வண்டிக்கு இரண்டு எஞ்சின் பூட்ட வேண்டியிருந்தது. 1927இல் பேயர் பீகாக் கம்பெனியின் காரட் எஞ்சின் ஒன்றைத் தருவித்தார்கள், 1945இல் மேலும் எட்டு வந்தன. கொதிகலம் நடுவில் தொங்கும், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகளின் மேல் தண்ணீரும் கரியும் ஏறியிருக்கும். சுமக்கும் தண்ணீர் முழுவதும் சக்கரத்தை அழுத்த வேண்டும் என்ற தொட்டி எஞ்சினின் தர்க்கத்தை எட்டக்கூடிய எல்லைவரை கொண்டுபோன வடிவம் அது.

மன்னார்ப் பாதைக்கு இந்தத் தர்க்கம் உதவவில்லை. கொழும்பிலிருந்து தலைமன்னார்த் துறை முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். மதவாச்சியிலிருந்து மட்டும் 106. ஏற்றம் என்று சொல்லத்தக்கது இல்லை, அதனால் சக்கரத்தின் மேல் பாரம் ஏற்றும் தேவையும் இல்லை. தூரம் உண்டு, வெயில் உண்டு, தண்ணீர்தான் இல்லை. இருக்கும் தண்ணீரிலும் உப்பு. மன்னார்த் தீவில் மணலுக்கடியில் மெல்லிய பாளமாக நல்ல தண்ணீர் கிடக்கும், அதிகம் இறைத்தால் கடல் உள்ளே வரும். குடிக்கும் வாய்க்கு உவர்ப்பது கொதிகலத்துக்கு இன்னும் கேடு. உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது நுரைத்துக்கொண்டு ஆவியோடு சிலிண்டருக்குள் போய்விடும். சுண்ணாம்புத் தண்ணீர் குழாய்களின் மேல் பாறையாகப் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். எனவே நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிறையப் பிடித்துக்கொண்டு, அடுத்த நல்ல தண்ணீர்வரை தாங்கும்படி போக வேண்டும். இது டெண்டர் எஞ்சினின் வேலை. மெயில் வண்டிகளை இழுக்க ஆளுநர்களின் பெயர் தாங்கிய பெரிய டெண்டர் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தன. சர் தோமஸ் மெயிட்லண்ட், ஃபிரெடெரிக் நோர்த் என்பன அவற்றில் இரண்டு.

எந்த எஞ்சின் பொருந்தும் என்பதில் பாதையின் மண்ணுக்கும் பங்கு உண்டு என்பதை உலகம் ஒரு கொடிய விபத்தில் கற்றது. இங்கிலாந்தின் தென்பகுதி ரயில்வே, வேகமான பயணி வண்டிகளுக்கென்று பெரிய தொட்டி எஞ்சின்களைக் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பெயர் வைத்தது. 1927 ஆகஸ்ட் 24 அன்று கென்ட் மாகாணத்தின் செவனோக்ஸ் அருகே ரிவர் க்ரே என்ற எஞ்சின் வேகத்தில் ஆடத் தொடங்கித் தடம் புரண்டது. பெட்டிகள் மேம்பாலத்தில் மோதின. 13 பேர் இறந்தார்கள். பாதிநிறைந்த தொட்டிகளுக்குள் தண்ணீர் அலைமோதியதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். விசாரணையில் அதே வகை எஞ்சினை வடக்கே நன்றாகப் பராமரித்த வேறொரு கம்பெனியின் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே அது நிலையாக ஓடியது. கென்ட் பாதையோ கடற்கரையிலிருந்து அள்ளிய வழவழப்பான கூழாங்கல்லின் மேல் போடப்பட்டிருந்தது. மழையில் அது கட்டியாக நிற்கவில்லை, தண்டவாளம் அசைந்தது. எஞ்சின் தன் சுமையோடு அந்த அசைவில் சேர்ந்து ஆடியிருக்கிறது. அந்த எஞ்சின்கள் எல்லாவற்றிலிருந்தும் தொட்டியைக் கழற்றி, டெண்டர் கொளுவிய எஞ்சின்களாக மாற்றிவிட்டார்கள்.

குற்றம் எஞ்சினுடையதா, மண்ணுடையதா? இரண்டையும் தனித்தனியே வடிவமைத்தவர்களுடையது என்பேன். மன்னார் நகரத்திலிருந்து தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் பாதை பனைகளுக்கு நடுவே கடல்மணலின் மேல் கிடக்கிறது. கென்ட்டில் இருந்த மாதிரித் தளர்ந்த நிலம்தான் இதுவும். எந்தத் தண்ணீர், எந்த மண், எவ்வளவு தூரம் என்று கேட்காமல் கட்டிய எஞ்சின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பிராந்தியத்துக்கு அந்நியமானது.

இந்தப் பாதையைப் போட்டவர்களின் கணக்கில் மன்னார் மக்கள் முதலிடத்தில் இல்லை. பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறந்தது. தனுஷ்கோடிவரை தென்னிந்திய ரயில்வேயின் போட் மெயில் வண்டி வரும். அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவு கடலைக் கப்பல் கடக்கும். தலைமன்னார்த் துறையில் இலங்கை வண்டி காத்திருக்கும். அந்தப் பக்கம் மீட்டர் பாதை, இந்தப் பக்கம் அகலப் பாதை, ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. மதராசில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த வண்டியில் அதிகம் வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள்.

அவர்களுக்கு முந்திய தலைமுறைகள் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, இதே காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போயின. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் தாகத்திலும் விழுந்தவர்களின் எலும்புகளின் மேல் மலையகத்தின் சரித்திரம் தொடங்குகிறது. மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்த வழியைத்தான் மறுபடி மிதித்தார்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று பொறியாளர்கள் கணக்குப் போட்ட அதே நிலத்தில், மனிதர்கள் தண்ணீர் குடிக்க நிற்கும் இடங்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று முன்னர் எவரும் கணக்குப் போடவில்லை. எஞ்சினின் தாகத்தை மதித்த ஆட்சி மனிதரின் தாகத்தை மதிக்கவில்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பாதையின் எஞ்சின்களைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இந்தப் பாதை வழியாகவே திருப்பி அனுப்பப்பட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல். கண்டியிலும் ஹட்டனிலும் உறவுகளைப் பிரிந்து அழுதவர்கள் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அந்த நேரம் நீராவியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் 1954 முதல் வந்துசேர்ந்தன. ரயில்வேயின் பொது முகாமையாளராக இருந்த பி. டி. ரம்பாலா டீசலுக்கு மாறுவதை முன்னின்று நடத்தினார். தாகம் இல்லாத எஞ்சின் வறண்ட மன்னாருக்குப் பெரிய வரம். அந்த முடிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மன்னாருக்குப் பொருந்தாத தொட்டி எஞ்சின் தமிழ் நிலத்தில் வேறோர் இடத்தில் அதன் உச்சத்தைத் தொட்டது, அதுவும் அதே 1914இல், அதே தென்னிந்திய ரயில்வேயின் கையில். நீலகிரி மலைப்பாதையைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் அங்கே வழுக்கும், எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டிய எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914 முதல் இங்கே வந்தன. இவ்வளவு ஏற்றத்தில் டெண்டரை இழுப்பது பைத்தியக்காரத்தனம், தொட்டி எஞ்சின்தான் ஒரே வழி. ஆனால் தொட்டி எஞ்சினுக்குத் தண்ணீர் போதாது.

வின்டர்தூர்ப் பொறியாளர்கள் கண்ட தீர்வை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எஞ்சினில் நாலு சிலிண்டர்கள். சமநிலத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல்சட்டம் தொடங்கியதும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் ஆவியை வானத்துக்கு விடாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் அனுப்புவார்கள். அவை பல்சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றத்தில் வரும் கூடுதல் பலம் கூடுதல் தண்ணீரில் இருந்து வருவதில்லை, பாதி உழைத்த ஆவியின் மீதி உழைப்பில் இருந்து வருகிறது. கட்டுக்கரை வயலில் மேல்வாய்க்காலில் வடிந்த தண்ணீர் கீழ்வயலுக்குப் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிந்தனை உடனே பிடிபடும். இவ்வளவு சிக்கனம் செய்தும் ஹில்குரோவிலும் ரன்னிமேட்டிலும் நின்று தண்ணீர் பிடித்துத்தான் வண்டி மேலே போகிறது.

அந்த எஞ்சின்கள் கிழடு தட்டியபோது பாதையை டீசலுக்கு விட்டுவிடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழக்கூடியது. 2005இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது ஒரு பாதுகாப்பு. அதைவிடப் பெரிய பாதுகாப்பு திருச்சிக்குப் பக்கத்தில், பொன்மலைப் பணிமனையில் இருந்தது. 2011 முதல் அங்கே எண்ணெயில் எரியும் எக்ஸ் வகை எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2021இல் நிலக்கரியில் எரியும் எஞ்சினையும் கட்டினார்கள். நீராவி எஞ்சின் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட நூற்றாண்டில், நாலு சிலிண்டர்ப் பல்சக்கரத் தொட்டி எஞ்சினைக் கொதிகலம் முதல் கட்டி முடித்தவர்கள் நம்மூர்த் தொழிலாளர்கள். ஒரு காலத்தில் போட் மெயில் எஞ்சின்களைப் பழுது பார்த்த அதே கம்பெனியின் பணிமனை அது. தமிழில் இந்தச் சாதனையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வந்திருக்க வேண்டும்.

கட்டுக்கரைப் பக்கம் அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. 1990இல் போர் ரயிலை நிறுத்தியது. வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. மடு ரோட்வரை 2013இல் மீண்டும் வண்டி வந்தது, மீதி 63 கிலோமீட்டரை இந்தியாவின் இர்கான் நிறுவனம் போட்டு முடிக்க, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாருக்கு ரயில் ஓடியது. இருபத்தைந்து வருட இடைவெளியில் அறுந்தது தண்டவாளம் மட்டுமா? எந்தத் தரிப்பில் தண்ணீர் பிடித்தார்கள், எந்தத் தண்ணீர் நுரைத்தது, மணல் காற்றில் பாதையை எப்படிக் காத்தார்கள் என்ற அறிவும் சேர்ந்து அறுந்தது. அந்த அறிவு பொறியியல் நூல்களில் இருக்காது. மன்னார்ப் பாதையில் ஃபயர்மேனாகவும் பாயிண்ட்ஸ்மேனாகவும் பாதைக்கூலியாகவும் உழைத்தவர்களின் வீடுகளில் இருக்கும்.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களைப் பார்க்கலாம். மன்னார்ப் பாதைக்கென்று மன்னாரிலேயே ஒரு காட்சிக்கூடம் வேண்டும். அது நாளையே வராது. அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செட்டிகுளம், முருங்கன், பேசாலை, தலைமன்னார் ஆகிய ஊர்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரு படம், ஒரு சம்பளச் சீட்டு, ஒரு கைவிளக்கு, ஒரு முதியவரின் ஞாபகம் எதுவானாலும் திகதியோடும் ஊரோடும் எழுதி வையுங்கள், படியெடுத்து வையுங்கள். அந்தப் பாதையில் நீராவியோடு வேலை செய்தவர்களில் இன்று இருப்பவர்கள் மிகவும் முதியவர்கள். இந்த வேலையை இந்த வருடமே தொடங்க வேண்டும்.